சிவந்த மணலில் ஒரு ஜீப் பிரயாணம்

பாலைவனத்தைப் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானத்துக்குத்தான் டிக்கட் வாங்கவேண்டும் என்று மயிலாப்பூர்வாசிகளில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கப்பெற்றவர்கள் அதற்கும் ஒருபடி மேலே போய், யூட்டா மாகாணத்திலுள்ள மோவாப் என்னும் ஊரில் செம்பாறைகளின்மேல் ஜீப் ஓட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பிய பிறகு ஒரு வருஷ காலம், தெற்கு மாட வீதியில் அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் கைப்பேசியில் படம் காட்டுகிறார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு நண்பர் காட்டினார். குங்கும நிறத்தில் பாறை, நீல நிறத்தில் ஆகாயம், நடுவே ஒரு ஜீப், ஜீப்பின்மேல் நண்பர்.

"இந்த மாதிரி இடம் நம் தேசத்தில் ஏது?" என்றார் அவர்.

எங்களோடு நின்றிருந்த பூகோள உபாத்தியாயருக்கு அந்தக் கேள்வி ரோஷத்தை உண்டாக்கிவிட்டது. "திருச்செந்தூருக்குப் பத்து கிலோமீட்டர் மேற்கே போனால் தெரியும், ஏது என்று!" என்றார். அவர் நாஸரேத் பக்கத்தில் பிறந்தவர். தேரிக்காடு என்பது அவருக்குப் பால்யத்தில் விளையாடிய இடம். எங்களுக்கோ, திருச்செந்தூருக்கு எத்தனையோ தடவை போய் முருகனைத் தரிசித்திருந்தும், கோயிலுக்கும் ரெயிலடிக்கும் அப்பால் இப்படி ஓர் உலகம் இருப்பது தெரியாது.

ஆகையால் சித்திரை மாதத்து விடுமுறையில் ஒரு நாள், பூகோள உபாத்தியாயரும், எங்கள் மருமானும், நாங்களுமாகத் தாம்பரத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். வழிகாட்டி ஒருவரையும் அமர்த்திக்கொள்ளாமல் நாங்களே ஓட்டிச்சென்று பார்ப்பது என்று ஏற்பாடு. மருமானுடைய சிநேகிதர் ஒருவர் திருச்செந்தூரில் தம்முடைய ஜீப்பைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். வண்டியின் பெயர் 'தார்'. ராஜஸ்தானத்துப் பாலைவனத்தின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். சென்னையிலும் இவ்வகை வண்டிகளுக்குக் குறைவில்லை. மலையேறவும் ஆறு கடக்கவும் வல்ல இந்த வண்டிகள் தியாகராய நகர் பாண்டி பஜாரில் புடவைக் கடை வாசலில் அரைமணி நேரம் இடம் தேடி நிற்பதைப் பார்த்து நாங்கள் பரிதாபப்பட்டதுண்டு. அங்கே அவை ஓடுவதெல்லாம் தார் ரோட்டில்தானே. அவ்வகையில் பெயர் பொருந்தித்தான் இருக்கிறது.

மறுநாள் விடியுமுன்பே திருச்செந்தூரை விட்டுப் புறப்பட்டோம். காயாமொழி வரையில் சாதாரணமான தென்பாண்டிச் சீமைதான்: வாழைத் தோட்டம், பனை வரிசை, ஓட்டு வீடு. இந்தக் காயாமொழியில்தான் 1905-இல், பிற்பாடு 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் பிறந்தார். ஊரைத் தாண்டியதும் வாய்க்கால் நின்றுபோகிறது; வாழை நின்றுபோகிறது; ரஸ்தாவின் இரு ஓரங்களிலும் மண் சிவக்கத் தொடங்குகிறது. முதலில் செங்கல் தூளைப்போல், பிறகு காவி வஸ்திரத்தைப்போல். கிழக்கே சூரியன் எழும்பி அதன்மேல் வெயில் பட்டபோது, எங்கள் மருமான் வண்டியை நிறுத்திவிட்டான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கண்ணுக்கெட்டிய மட்டும் மேடும் பள்ளமுமாகச் செம்மணல். நடுநடுவே குடை கவிழ்த்தாற்போன்ற உடைமரங்கள். கொல்லாமரம் என்று அவ்வூரார் சொல்லும் முந்திரி. எங்கு பார்த்தாலும் பனை. மணலில் காற்றுத் தன் விரல்களால் கோலம் போட்டிருந்தது. எங்கோ ஒரு மயில் அகவிற்று. பள்ளிக்கூடத்தில் ஐந்திணையைக் கற்பிக்கும்போது, "தமிழ்நாட்டில் பாலைக்குத் தனியாக நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் வறண்டால் அதுவே பாலை" என்று எத்தனை வருஷங்களாகச் சொல்லிவந்திருக்கிறோம்! அங்கே நின்றபோது, அடுத்த வருஷம் அந்தப் பாடத்தை வேறுவிதமாகச் சொல்லவேண்டும் என்று தோன்றிற்று.

இந்த மணல் எப்படி வந்தது, ஏன் சிவந்தது என்பதைப் பூகோள உபாத்தியாயர் அங்கேயே விளக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மணலும் உள்ளே வெள்ளைப் படிகந்தானாம். அதன்மேல் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் சிவந்து தெரிகிறது. மோவாப் பாறையின் சிவப்பும் இதே இரும்பின் சிவப்புத்தான். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பேய்போல் வீசுகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணை அக்காற்று வாரிக்கொண்டுவந்து கடற்கரையோரம் குவித்தது என்பது பழைய அபிப்பிராயம். கடல் பின்வாங்கியிருந்த ஒரு காலத்தில் அதன் மணல் காற்றில் எழும்பி இங்கே மேடாகி, நாளடைவில் சிவந்தது என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். எப்படியானாலும் பல ஆயிரம் வருஷத்து வேலை. "மோவாபில் இருப்பது என்ன தெரியுமா? கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் இதேபோல் கிடந்த மணல் மேடுகள்தாம், பூமிக்கடியில் அழுந்திக் கல்லாய்ப் போயிருக்கின்றன. அது தாத்தா, இது பேரன்" என்று அவர் முடித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து மணலில் உருட்டினார். அதில் கன்னங்கரேலென்று மணல் மீசைபோல் ஒட்டிக்கொண்டது. இரும்புத் தாதுவோடு, டைட்டானியம் என்னும் உலோகம் அடங்கிய தாதுவும் இச்செம்மணலில் கலந்து கிடக்கிறது. அதற்காகத்தான் 2007-ஆம் ஆண்டில் சாத்தான்குளம் பக்கத்தில் டாடா கம்பெனியார் ஒரு பெரிய ஆலை வைக்க முன்வந்தார்கள். நிலத்தை விட்டுப் போகவேண்டுமே என்று ஊரார் கிளர்ச்சி செய்ய, அந்தத் திட்டம் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டது. காந்தத்தில் ஒட்டிய ஒரு சிட்டிகைக் கருமணலைப் பார்த்தபோது, இத்தனை வழக்கும் இதற்குத்தானா என்று வியப்பாயிருந்தது.

இனி ஜீப்பின் கதைக்கு வருவோம்.

மணலில் வண்டி ஓட்டுவது ரோட்டில் ஓட்டுவதற்கு நேர்மாறான வித்தை. முதற்காரியம், சக்கரத்துக் காற்றைக் குறைப்பது. ரோட்டில் முப்பது பவுண்டுக்கு மேல் காற்றடித்த டயர், மணலில் குதிகால் செருப்பு அணிந்த சீமாட்டியைப்போல் புதைந்துபோகும். பதினெட்டு பவுண்டுக்கு இறக்கினால் டயர் தளர்ந்து, ஒட்டகத்தின் பாதம்போல் நீளமாகப் பரந்து மணலை மிதிக்கும். நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை போகும்படி கம்பியைத் தள்ளிக்கொள்ளவேண்டும். வேகமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். ஒரே சீராகப் போகவேண்டும். பிரேக்கை மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் அணை கட்டிவிடும். ஆகையால் தானாக உருண்டு நிற்கவிட வேண்டும், அதுவும் இறக்கத்தைப் பார்த்து. மேட்டில் குறுக்காகப் போனால் வண்டி கவிழும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு: மணல்காட்டுக்குள் ஒற்றை வண்டியாய்ப் போகக்கூடாது. இந்த விதி எங்களுக்கும் தெரியும். எங்களிடம் இருந்ததோ ஒற்றை வண்டி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியில்லாமல் அதற்குள் வண்டியை விடக்கூடாது. ஆகையால் பனங்காட்டுக்கும் கோயிலுக்கும் போகிற பழைய வண்டித்தடங்களிலேதான் போவது என்று எங்களுக்குள் தீர்மானம் செய்திருந்தோம்.

முதல் அரைமணி நேரம் ஆனந்தமாகக் கழிந்தது. வண்டி ஓடமாகவும் மணல் அலையாகவும் மாறி, எங்களை ஆட்டிக்கொண்டு போயின. கைப்பேசியின் படத்தில் நாங்கள் பச்சை நிறத்து வெறுமையில் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்துகொண்டிருந்தோம். பாதை என்று அது காட்டிய இடத்தில் மணல் மேடு இருந்தது. மேடு என்று நாங்கள் நினைத்த இடத்தில் பாதை இருந்தது. எல்லாப் பனையும் ஒரே பனையாய்த் தோன்றிற்று. திரும்பிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்பதை இரண்டு தடவை வழி தவறிய பின்புதான் கற்றுக்கொண்டோம். முன்னே போகும்போது காணும் காடு வேறு, திரும்பி வரும்போது காணும் காடு வேறு.

ஒன்பது மணிக்கு ஒரு பள்ளத்தில் வண்டி நின்றது. மருமான் விசையை மிதித்தான். சக்கரம் சுழன்றதே ஒழிய வண்டி நகரவில்லை. இன்னும் மிதித்தான். வண்டி நகர்ந்தது, ஆனால் கீழ்நோக்கி! கதவைத் திறந்தால் கதவு மணலைத் தடவிற்று. பூகோள உபாத்தியாயரும் நாங்களும் இறங்கித் தள்ளினோம். சக்கரம் வாரி இறைத்த செம்மண்ணில் இருவரும் பழனிப் பண்டாரங்கள் ஆனோம். சித்திரை வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. குடிதண்ணீர் இரண்டு பாட்டில்தான் மிச்சம்.

"ஏன் தம்பி, சக்கரத்த முறுக்காதீய! முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாவும்" என்று மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. அண்ணாந்து பார்த்தோம். பனையின் உச்சியில், இடுப்பில் அருவாப்பெட்டி தொங்க, ஒரு பெரியவர் பாளை சீவிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. வேலையை முடித்து, கலயத்தோடு அவர் இறங்கிவந்த லாகவத்தைக் கண்டு, எங்கள் மருமான் தன் உடற்பயிற்சிக்கூடத்துச் சந்தாவை எண்ணித் தலைகுனிந்தான்.

பெரியவர் அவசரப்படவில்லை. முதலில் பனையோலையில் பட்டை பிடித்து ஆளுக்கு ஒரு பட்டை பதநீர் வார்த்தார். பிறகு சக்கரங்களுக்கு முன்னிருந்த மணலைக் கையால் வாரி ஒதுக்கச் சொன்னார். காய்ந்த பனைமட்டைகளைச் சுமந்துவந்து சக்கரத்தின் கீழே, கருக்கு மேற்பக்கம் வராதபடி, செருகினார். டயரில் இன்னும் மூன்று பவுண்டு காற்றை விட்டோம். "இப்பம் மெள்ள விடுங்க" என்றார். வண்டி ஒரு தடவை முனகிவிட்டு மட்டைமேல் ஏறி வெளியே வந்துவிட்டது. ஜீப்பு உற்பத்தியானது இரண்டாவது உலக யுத்தத்தில். எத்தனையோ தேசத்து மணலில் ஓடிப் பேர் வாங்கிய ஜாதி. குதிரைமொழித் தேரியில் அதைக் கரையேற்றியது எட்டுப் பனைமட்டை.

கரையேறியதும் மருமானுக்குப் பழைய தைரியம் வந்துவிட்டது. தடத்துக்கு இடப்புறம் ஒரு பெரிய மணல்மேடு, மரமில்லாமல் மொட்டையாக, வீட்டு மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. ஏற்கெனவே யாரோ ஏறிய டயர்த் தடங்கள் அதன்மேல் இருந்தன.

"மாமா, இவ்வளவு தூரம் வந்து இதில் ஏறாமல் போவதா? மோவாபில் இப்படித்தானே ஏறுகிறார்கள்?" என்றான்.

உண்மையைச் சொல்லவேண்டும். எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நண்பருக்குக் காட்டப் படம் வேண்டாமா?

பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "அதுல ஏத்த வேண்டாம் தம்பி" என்றார். "அந்த மேட்டுல முன்னால புல்லும் கொடியும் படர்ந்து கெடந்துச்சு. போன வருசம் ரெண்டு வண்டி வந்து ஒரு நாள் பூராவும் ஏறி எறங்கி வெளையாடிட்டுப் போயிட்டாவ. புல்லு அத்துப்போச்சு. ஆடிக் காத்துல மணலு கெளம்பி எங்க விடிலிக்குள்ள வந்துட்டு. நட்டு வச்ச பனங்கன்னு நாப்பதும் மண்ணுக்குள்ள போச்சு. பனை பாளை விட இருவது வருசம் ஆவும் ஐயா. எனக்குச் சீவ வாய்க்காது. பேரன் சீவுவான்னு வச்சது."

விடிலி என்பது பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் ஓலைக்குடிசை. அவர் சுட்டிய திக்கில் பார்த்தோம். குடிசையின் மேல்பக்கத்து ஓலைச்சுவர் பாதிவரை சிவப்பு மணலில் புதைந்திருந்தது. உள்ளே அவருடைய மனைவி, சிரட்டைகளை வரிசையாக வைத்துப் பாகை வார்த்துக்கொண்டிருந்தாள்.

மணல் நடப்பது இந்தச் சீமைக்குப் புதிதல்ல. வயலையும் வீட்டையும் தேரி விழுங்கிய காலம் உண்டு. அதைக் கட்டிப்போடுவதற்காகத்தான் பனையும் உடையும் முந்திரியும் நட்டார்கள். வெள்ளைக்காரர் காலத்திலேயே காட்டிலாகா இதற்கு முனைந்தது. தேரிக்காடு காடாக நிற்பது மனிதர் நட்டு நிறுத்தியதால். மோவாபிலும் மண்ணின்மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து ஒரு கறுத்த தோல் படிந்திருக்கிறதாம். சக்கரம் ஒரு தடவை அதைக் கிழித்தால் மறுபடி வளரப் பல பத்து வருஷங்கள் ஆகுமாம். அதனால்தான் அங்கே குறித்த தடத்தை விட்டு விலகாதே என்று சட்டம் செய்திருக்கிறார்கள். 1967 முதல் ஒவ்வோர் ஈஸ்டரிலும் ஜீப் திருவிழா நடத்துகிற ஊரே அப்படி விதித்திருக்கிறது. நண்பர் காட்டிய படத்தில் இந்தச் சட்டம் தெரியவில்லை.

மருமான் ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செருப்பையும் கழற்றிவிட்டு, விடிலிக்கு எதிர்ப்புறத்துச் சரிவில் கால்நடையாக ஏறத் தொடங்கினான். நாங்களும் பின்தொடர்ந்தோம். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கிற்று. உச்சிக்குப் போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆயிற்று. ஜீப் அரை நிமிஷத்தில் ஏறியிருக்கும். உச்சியிலிருந்து பார்த்தால் நாற்புறமும் சிவப்பு. கிழக்கே அடிவானத்தில் கடல் ஒரு நீலக் கோடு.

காற்று மணலை வாரிக்கொண்டுபோன ஒரு வழுக்கையில் பூகோள உபாத்தியாயர் குனிந்து எதையோ எடுத்தார். நகத்தளவு ஒரு படிகக் கல். ஓர் ஓரம் கத்திபோல் கூராயிருந்தது. இத்தேரிகளில் கற்கால மனிதர் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு கற்கருவிகளை விட்டுப்போயிருக்கிறார்கள். சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் முதலிய இடங்களில் கிடைத்தவற்றைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-இல் விரிவாக எழுதினார்கள். எங்கள் கையில் இருந்தது கருவிதானா, வெறும் சில்லுதானா என்று தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம். மருமான் மட்டும், மேட்டில் கிடந்த டயர்த் தடத்தையும் அந்தக் கல்லையும் மாறிமாறிப் பார்த்தான்.

பெரியவருக்குப் பணம் கொடுக்கப்போனோம், வாங்க மறுத்தார். கருப்பட்டி வாங்கிக்கொள்ளுகிறோம் என்றதும் சந்தோஷமாக எடைபோட்டுக் கொடுத்தார். சீனி கலவாத கருப்பட்டி. காந்தியடிகளும் ஜே. ஸி. குமரப்பாவும் பனைவெல்லத்துக்காக அவ்வளவு பரிந்து பேசியதன் காரணம் நாக்கில் வைத்தவுடன் விளங்கிற்று. பனையேற இளைஞர்கள் வருவதில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம்.

"தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள், பெரியவரே?" என்று கேட்டோம்.

"தேரிக்குள்ள தண்ணிக்குப் பஞ்சமா ஐயா? மழை எல்லாத்தையும் மணலு குடிச்சு வச்சிருக்கு" என்றார். இது வெறும் பேச்சல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் என்று சொல்லத்தக்க காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டிற்று. ஒரு வருஷத்து மழைக்கும் அதிகம்! நாங்கள் ஏறிவந்த அதே செந்தூர் எக்ஸ்பிரஸ், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளுடன் வெள்ளத்துக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மழைக்குப் பின் கிணற்றில் கயிறில்லாமல் கையாலேயே மொண்டார்களாம். திரும்பும் வழியில் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த ஐயனாரைத் தரிசித்தபோது, வறண்ட செம்மணலின் நடுவே பளிங்குபோல் சுனை நீரைக் கண்டோம். அதில் கைகால் கழுவ இறங்கியதும் எங்களைச் சுற்றித் தண்ணீர் சிவந்தது.

பிற்பகலில், டயருக்கு மறுபடி காற்றடித்துக்கொண்டு, ரோட்டு வழியாகக் குலசேகரப்பட்டினம் போனோம். 1942 ஆகஸ்டுப் புரட்சியின்போது இவ்வூர் உப்பளத்தில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொல்லப்பட, காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு வாலிபர்களுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு தண்டனை குறைக்கப்பட்டு விடுதலையும் ஆனார்கள். அதே ஊரின் கடற்கரையில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அஸ்திவாரக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விடும் ராக்கெட் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. இங்கிருந்து நேராகப் போகலாமாம். பனையேறிகளின் சீமையில் இனி இன்னும் உயரமாக ஏறுவார்கள்.

இரவு ரெயிலில் படுக்கையை விரிக்கும்போது வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைப்பிடி செம்மணல் கொட்டிற்று. எதிர்ப் படுக்கையில், திருச்செந்தூர்ப் பிரசாதத் தட்டோடு அமர்ந்திருந்த மூதாட்டி பதறிப்போய், "ஐயையோ, குங்குமத்தைக் கொட்டிட்டீங்களே!" என்று ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மருமான் மறுக்க வாயெடுத்தான். பூகோள உபாத்தியாயர் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மிச்ச மணலைக் காகிதத்தில் மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டார்.